இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவரும் ஏறவில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மாத்திரை செய்வதில்லை. மாத்திரைக்குள் போகப்போகிற மருந்துக்கு முந்தைய சரக்கைச் செய்து டிரம்மில் அடைத்து அனுப்புவோம். அங்கே லேபில் நானும் ஜெபாவும் வேலை செய்கிறோம். என் பெயர் தமிழ்செல்வி. எனக்குக் கோபம் வந்தால் செக்யூரிட்டி கேட் வரை கேட்கும். ஜெபாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வது நல்லது. இது அவளைப் பற்றிய கதை. கோபம் ஆறிய பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே சொல்கிறேன்.

ஜெபாவின் ஊர் கவரைப்பேட்டைக்கு உள்ளே ஒரு காலனி. அப்பா தானியேல் அடுத்தவர் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். வயல்காரர்கள் நிலத்தை விற்றார்கள், கம்பெனி வந்தது, ஏர் ஓட்டிய அதே மண்ணில் அவர் மூட்டை தூக்கினார். "எங்க நைனா உழுத எடத்துலதான் இப்ப பாய்லர் நிக்குது" என்று ஜெபா சொல்லும்போது அதில் ஏக்கம் எதுவும் இருக்காது. வயலும் அவருடையது இல்லை, பாய்லரும் அவருடையது இல்லை, இதில் ஏங்க என்ன இருக்கிறது என்பாள். எங்கள் வீட்டுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலம் உண்டு. எனக்கு இந்த வேலை போனாலும் வீட்டில் நெல் இருக்கும். அவளுக்கு அப்படி இல்லை. ஆனால் எங்கள் இருவரில் வாயை மூடிக்கொண்டு போகத் தெரியாதவள் அவள்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படித்த எல்லோருக்கும் ஒரு பாடம் நினைவிருக்கும். புரோமைடு மாதிரி ஒரு பொருளில் தண்ணீரில் கரைந்த காரத்தைப் போட்டால் ஆல்கஹால் வரும். ஆல்கஹாலில் கரைந்த காரத்தைப் போட்டால் ஆல்கீன் வரும். முதலாவது பதிலீட்டு வினை, இரண்டாவது நீக்க வினை. நானும் இதை மனப்பாடம் செய்துதான் மார்க் வாங்கினேன். பொருளும் அதே, காரமும் அதே, கரைக்கிற திரவம் மாறினால் மட்டும் ஏன் முடிவு மாற வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஜெபா அவள் பள்ளியில் எழுந்து நின்று, "ஏன் மிஸ்?" என்று கேட்டாளாம். "ப்ளூ பிரிண்ட்ல அது இல்ல, உக்காரு" என்று பதில் வந்ததாம். அவள் உட்கார்ந்தாள். ஆனால் அந்த 'ஏன்' அவளை விடவில்லை. கல்லூரிக்குப் போய், நூலகத்தில் பிய்ந்துபோன புத்தகங்களைப் புரட்டி, அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் விட்டாள். மகா பிடிவாதக்காரி.

போன கோடையில் அதே பாடத்தை எங்கள் மேனேஜர் கேன்டீனில் நடத்தினார். பாதுகாப்புப் பயிற்சியாம். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பியவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்தார்கள். சுவரில் படம் விழுந்தது. அம்புக்குறிகள், அறுகோணங்கள், பொடிப் பொடியாக ஆங்கில எழுத்து. மேனேஜர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். சரக்கு வேகிற பெரிய கலன்களை, அதாவது ரியாக்டரை, ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பத்தாவது. ஸ்டீவன் அண்ணன் என் எதிர் பெஞ்சில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கான்ட்ராக்ட் ஆபரேட்டர், கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வீடு. எட்டு மணி நேரம் ரியாக்டர் சூட்டில் நின்றவர் தூங்காமல் என்ன செய்வார்?

ஜெபா கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு தடவ தமிழ்ல சொல்லிடுங்க. இவங்களுக்குத்தான இது வேணும்?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் இல்ல ஜெபா. எல்லாரும் சைன் போட்டாச்சா?"

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் ஸ்டீவன் அண்ணனைத் தட்டி எழுப்பினார், அவரும் போட்டார். ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள். வகுப்பு முடிந்தது.

எங்கள் பிளான்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீருக்குப் பதிலாக ரெகவரி. ஒரு தடவை பயன்படுத்திய ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹாலை, காய்ச்சி வடித்து மீட்டு வைத்திருப்பதற்குத்தான் அந்தப் பெயர். இங்கே போர் தண்ணீர் ஒரே உப்பு, ரியாக்டருக்கு ஆகாது. நல்ல தண்ணீர் டேங்கர் லாரியில் வர வேண்டும், அதற்கும் ஆயிரம் கெஞ்சல். ரெகவரி மட்டும் மூலைக்கு மூலை டிரம்மில் நிற்கும். அதனால் பைப் கழுவ ரெகவரி, டிரம் கழுவ ரெகவரி, தரைக் கறை துடைக்க ரெகவரி, சில பேர் சாப்பிடப் போகும்போது கை கழுவுவதும் அதில்தான். தண்ணீர் இல்லையா, ரெகவரி ஊற்று. இது பிளான்ட்டில் எல்லோர் வாயிலும் வருகிற பேச்சு. ஒருவரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

வகுப்பு முடிந்து சில நாளில் டேங்கர் வரவில்லை. வேறு கம்பெனிக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். காலை ஷிஃப்ட்டில் ஸ்டீவன் அண்ணன் புரோமைடை ரியாக்டரில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். அடுத்தது காஸ்டிக் கரைசல், பாடத்தில் வந்த அதே காரம். எப்போதும் காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் கரைப்பார்கள். அவர் ஷிஃப்ட் இன்சார்ஜ் அன்புசெல்வனுக்குப் போன் போட்டார். நான் சாம்பிள் எடுக்கப் போய்ப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சார், தண்ணி இல்ல. காஸ்டிக் எதுல கரைக்கிறது?"

போனில் அன்புசெல்வன் கத்தியது எனக்கே கேட்டது. "இத்தெல்லாமா கேப்ப? ரெகவரி இருக்குதுல்ல, அதுல கரைச்சி வுடு."

"எப்பவும் தண்ணிலதான சார் போடுவோம்?"

"யோவ், காஸ்டிக் கரைஞ்சா போதும்யா. நாளைக்கி டெஸ்பாட்ச். பேஜாரு பண்ணாத."

ஸ்டீவன் அண்ணன் ரெகவரியில் கரைத்தார். தினமும் திறக்கிற அளவுக்கே ஸ்டீமைத் திறந்தார். நான் சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வென்ட் பைப் விசில் அடிப்பதுபோல் கத்தியது. நானும் ஜெபாவும் ஓடினோம். பிரஷர் முள் அது நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. அந்த மனிதர் ஓடியிருக்கலாம். ஓடாமல் முதலில் ஸ்டீமை அடைத்தார். அடைத்துவிட்டுத் திரும்பும்போது மூடியின் கேஸ்கட் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, கொதிக்கிற காஸ்டிக் அவர் இடது கையில் அடித்தது.

காஸ்டிக் பட்டால் ஒரே மருந்து தண்ணீர்தான். உடனே, நிறைய, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். அதற்காகவே ரியாக்டர் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்து ஒரு ஷவர் நிற்கிறது. சங்கிலியை இழுத்தார்கள். துரு நிறத்தில் நாலு சொட்டு விழுந்தது. ரியாக்டருக்குத் தண்ணீர் இல்லாத அன்று ஷவருக்கும் தண்ணீர் இல்லை. இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவருக்கும் அது காலையில் தோன்றவில்லை! ஜெபா கேன்டீனுக்கு ஓடி, குடிதண்ணீர்க் கேனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் கவிழ்த்தாள், அடுத்த கேனுக்கு ஓடினாள். ஸ்டீவன் அண்ணனின் தோல் சோப்பு போட்டதுபோல் வழுக்கியது. அவர் கத்தவில்லை. "போதும்மா, போதும்மா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கசிந்த வாயு தீப்பற்றுகிற வகை, எங்களைச் சுற்றி நின்றது. யாராவது ஒரு பொறி கிளப்பியிருந்தால் நான் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கம்பெனி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஆபரேட்டர் ஸ்டீமை அதிகமாகத் திறந்துவிட்டார். பயிற்சி பெற்றும் அலட்சியம். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஜெபா ரியாக்டரில் மிச்சமிருந்ததை லேபில் சோதித்துப் பார்த்தாள். வர வேண்டிய சரக்கு பேருக்குத்தான் இருந்தது. புரோமைடும் இல்லை. மொத்தமும் ஆல்கீனாகி, வாயுவாகி, பைப் வழியே போயிருந்தது. இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம்.

"சார், ஸ்டீம் காரணம் இல்ல. ஸ்பிரிட்ல கரைச்சதுதான் காரணம்" என்றாள் ஜெபா.

"தெரியும் ஜெபா" என்றார் அவர், பேனாவை மூடிக்கொண்டே. "நானும் கெமிஸ்ட்ரிதான் படிச்சேன்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டார்கள், எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் போயிருந்தோம்.

"தெரிஞ்சிமா சார் அவரு மேல போட்டீங்க?" என்று கத்தினேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"ஸ்பிரிட்ல போடச் சொன்னது நாமன்னு சொன்னா எவ்ளோ தூரம் போகும் தெரியுமா? ஸ்டீம்னா ஆபரேட்டர் தப்பு, அதோட முடிஞ்சிது. அதுவும் இல்லாம, இதே விஷயத்துக்குத்தான் நான் கிளாஸ் எடுத்தேன். அவன் சைன் போட்டிருக்கான். தெரிஞ்சே ஸ்பிரிட்ல போட்டது யார் தப்பு?"

ஜெபாவின் குரல் இறங்கியது. "அந்தக் கிளாஸ்ல அவருக்கு ஒரு வார்த்த புரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறீங்களா சார்?"

"அது அவனோட பொறுப்பு." பிறகு சிரித்துக்கொண்டே, "உன் கான்ட்ராக்டும் ரினியூவல்ல இருக்கு ஜெபா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

படித்த மனிதர். படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜெபா ஸ்டீவன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நானும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொண்டேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கட்டு. அவர் மனைவி மெர்சி எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"தூக்கமே இல்லக்கா இவருக்கு. படுத்துக்கினே வலது கைய இப்பிடி இப்பிடித் திருப்புறாரு. இன்னானு கேட்டா, எவ்ளோ தொறந்தேன்னு பாக்குறன்ன்றாரு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தாம்மா கொஞ்சம் ஜாஸ்தி தொறந்துட்டன் போல. இல்லாங்காட்டி எப்பிடி வெடிக்கும்? அதே புரோமைடு, அதே காஸ்டிக். இத்தினி வருசமா ஓட்றன், ஒரு நாளு இப்பிடி ஆனதில்ல. தப்பு எம்மேலதான்."

கையைச் சுட்டார்கள், வேலையைப் பறித்தார்கள், அதெல்லாம் போதாதென்று செய்யாத தப்பைச் செய்ததாக அவரையே நம்பவைத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஜெபா டம்ளரைக் கீழே வைத்தாள். வாசலுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இங்க பாரு" என்றாள் மெதுவாக. "நம்ம புரோமைடு ஒரு ஷேர் ஆட்டோனு வெச்சிக்க. ஓர சீட்டுல ஒரு குண்டு ஆளு உக்காந்துக்கினு இருக்கான். அவன்தான் புரோமின். எப்படா எறங்கலாம்னு பாத்துக்கினு இருக்கான். காஸ்டிக்ல இருந்து ஒரு ஆளு அந்த சீட்டுக்கு வர்றான். தண்ணியில வந்தான்னா, சுத்திலும் தண்ணிக்காரங்க அவன் கையப் புடிச்சிக்கினு இருப்பாங்க. அடாவடி பண்ண முடியாது. சாதுவா வருவான். குண்டு ஆளு எறங்குவான், இவன் அதே சீட்டுல ஏறி உக்காருவான். ஒருத்தன் எறங்கினான், ஒருத்தன் ஏறினான். நம்ம சரக்கு ரெடி."

"செரி."

"அதே ஆளு ஸ்பிரிட்ல வந்தா அவ்ளோ கெட்டியாப் புடிச்சி வெக்க ஆளில்ல. வெறியா வர்றான். சீட்டாண்ட போற பொறுமை கெடையாது. பக்கத்து சீட்டுல கம்பியப் புடிச்சிக்கினு தொங்குறான் பாரு ஒரு பொடியன், ஹைட்ரஜன், அவன் சட்டையப் புடிச்சி கீழ இழுத்துடுறான். அந்த உலுக்கல்ல குண்டு ஆளும் எறங்கி ஓடிடுறான். உள்ள மீதி இருக்கற கார்பன் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிக்கிறாங்க. ஆக, ரெண்டு பேரு எறங்கினாங்க. ஏறினவன் ஒருத்தனும் இல்ல. ஆட்டோ லேசா ஆயிப்போச்சி. அதான் கேஸா பறந்துச்சி. அதான் முள்ளு ஏறுச்சி."

மெர்சி கதவோரத்தில் இருந்து, "சரக்கடிச்சிட்டு வந்தவன் மாரி" என்றாள்.

"அதேதான். ஆளு ஒருத்தன்தான். எதுல முங்கி வர்றான்றதுதான் கணக்கு."

ஸ்டீவன் அண்ணன் நிமிர்ந்தார். "அப்ப ஸ்டீமு?"

"சூடு ஏறினா இழுக்கறவனுக்குத் தெம்பு ஜாஸ்தி, அது நெஜம். ஆனா நீ தெனமும் தொறக்கறதத்தான் தொறந்த. தண்ணியில கரைச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்ப நான் தொறந்தது கரெக்ட்டு."

"கரெக்ட்டு அண்ணா."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "மேனேஜருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

நல்ல கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். "படுபாவிங்களா! தெரிஞ்சிக்கினாடா என்னத் தூங்க வுடாம பண்ணீங்க?" மெர்சி வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு என்னவோ, அவர் அப்படிக் கத்தியது நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஜெபா தன் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. டிரைவருக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ கதையைச் சொன்னாள். மறுநாள் அடுத்த ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிச் சொன்னாள். கேன்டீனில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்களிடம் சொன்னாள். சிரித்தார்கள், மறுபடி கேட்டார்கள், தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மணவாள நகரில் இருந்து வரும் சடையப்பன் என்கிற ஆபரேட்டர் இழுக்கிறவன் மாதிரியும் தொங்குகிற பொடியன் மாதிரியும் நடித்தே காட்டினார். மேனேஜர் மணிக்கணக்கில் படம் போட்டுச் சொன்னது எங்கள் பஸ் கம்பெனி கேட்டை அடைவதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கதையின் கடைசியில் ஜெபா ஒன்றைச் சேர்த்துச் சொல்வாள்: "ஸ்டீவன் அண்ணன் ஸ்டீம ஜாஸ்தி தொறக்கல." அதைச் சொல்லும்போது ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையிலேயே டேங்கர் மறுபடி வராமல் போனது. ஸ்டீவன் அண்ணன் இடத்தில் சடையப்பன் நின்றிருந்தார். அன்புசெல்வன் இந்தத் தடவை நேரிலேயே வந்து அதையே சொன்னார்: ரெகவரியில் கரை. ஒரு ஆளுக்குக் கை வெந்துபோன பிறகும் அதே வார்த்தை. ஸ்டீமைக் குறைத்துவைத்து ஓட்டிக்கொள்ளலாமாம்.

சடையப்பன் கையுறையைக் கழற்றி ரியாக்டர் மேல் வைத்தார். "ஆட்டோ பறந்துடும் சார். நான் ஓட்ட மாட்டேன்."

பக்கத்து ரியாக்டர்காரர் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பாய்லர்காரர், லோடுமேன், எல்லோரும் வந்து நின்றார்கள். சத்தம் கேட்டு நாங்கள் லேப் வாசலுக்கு வந்தோம். மேனேஜர் வேகமாகப் படியிறங்கி வந்தார்.

"என்ன இது? ஏன் நிறுத்தினீங்க?"

"தண்ணி வரட்டும் சார்" என்றார் சடையப்பன். "ஸ்டீவனும் வரட்டும். தப்பு அவன் மேல இல்லன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டும் வந்தா ஓட்றோம்."

"ஸ்பிரிட்ல போட்டா என்னாகும்னு உனக்கு என்ன தெரியும்?"

"காஸ்டிக்கு சீட்டுல உக்காராது சார். பக்கத்துல இருக்கறவனப் புடிச்சி இழுத்துடும். ரெண்டு பேரு எறங்கிடுவாங்க, ஒருத்தனும் ஏற மாட்டான். கேஸு தூக்கிடும்."

மேனேஜரின் பார்வை கூட்டத்தைத் தாண்டி லேப் வாசலுக்கு வந்தது. "யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?" என்று கேட்டார். ஜெபா ஒரு அடி முன்னால் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சடையப்பன் அங்கிருந்தே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க? நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. கேன்டீன்ல கிளாஸு எடுத்தீங்களே? சமோசாகூட குடுத்தீங்க. எல்லாரும் கையெழுத்து போட்டுக்கீறோம், வேணும்னா எடுத்துப் பாருங்க."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

கெஞ்சினாலும் வராத டேங்கர் அன்று மதியமே இரண்டாக வந்தது. ஸ்டீவன் அண்ணன் அடுத்த திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு வந்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இடது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை, வால்வை வலது கையால்தான் திறக்கிறார். ஜெபாவின் ரினியூவல் இதுவரை வரவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. தினமும் காலையில் லேபுக்குள் போவதற்கு முன்னால் அந்தப் பச்சை ஷவரின் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறாள். தண்ணீர் கொட்டுகிறது. நனைந்த சுடிதாரோடு வருகிறவளைப் பார்த்து, "இன்னா மேடம், தெனமுமா?" என்று அன்புசெல்வன் ஒருநாள் கேட்டுவிட்டார். ஜெபா நின்று, மிக மெதுவான குரலில் அவருக்குப் பதில் சொன்னாள். அன்புசெல்வன் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.